ஒரே மூச்சில் இரண்டு கரண்ட்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருந்த அந்த மாடி அறைக்குள் நுழைந்த பெண், இரண்டு முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏனுங்க, மெஷின் சத்தத்தக் கேட்டே கோளாறு எங்கன்னு சொல்றவரு நீங்கதானுங்களா?” என்று கேட்டாள்.

“நான்தானுங்க, பங்காரு. இவங்க அஃப்ஷீன். உங்க மெஷின் எங்க இருக்குது?”

“எங்கிட்ட மெஷின் இல்லீங்க. ஆறு செகண்டு சத்தம் மட்டுந்தான் இருக்குது.”

பங்காருவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தப் பக்கத்து மில்களிலும் பட்டறைகளிலும் பேரிங் உடைவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் முனகலைப் பிடித்துச் சொல்லிவிடுவார். அதுதான் அவர் தொழில். சத்தம் சம்பந்தப்பட்ட வேறு வழக்குகளும் கடந்த சில ஆண்டுகளாக அவரைத் தேடி வரத் தொடங்கியிருந்தன. அஃப்ஷீன் அவருடைய பங்குதாரர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பண்பலை வானொலியில் ஒலித்தொகுப்பாளராக இருந்தவள். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தை வெட்டி எறிந்தே பழகிவிட்டதால், நேரிலும் யாராவது யோசித்து நிறுத்தினால் அவளால் பொறுக்க முடியாது.

“போடுங்க, கேக்கலாம்,” என்றாள் அஃப்ஷீன்.

வந்தவள் போனை மேசைமேல் வைத்து அழுத்தினாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் தெளிவாக வந்தது: “கவரைக் கழட்டிப்போடுங்க.” ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். பிறகு, “மெஷின் ஓடட்டும், நான் வந்து பாத்துக்கறேன்.” அவ்வளவுதான்.

“இது உங்க குரலா?” என்றார் பங்காரு.

“எங்கொரல்தானுங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. ஆனா இப்பிடி நான் சொல்லவே இல்லீங்க.”

அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பெயர் கெசியா. சிங்காநல்லூரிலேயே ஒரு பம்ப் மோட்டார் தொழிற்சாலையில், தகடு வெட்டும் பவர் பிரஸ் பிரிவுக்குச் சூப்பர்வைசர். போன வாரம் புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்தப் பிரிவில் விபத்து நடந்தது. பிரஸ் இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்புத் தடுப்பு அன்று காலை கழற்றப்பட்டிருந்தது. அப்புசாமி என்ற தொழிலாளியின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

“நான் அன்னிக்கு எட்டு மணிக்கே ஸ்டோர்ஸுக்குப் போயிட்டனுங்க. தடுப்பக் கழட்டினது யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தெறக்கல. சனிக்கிழம எங்க மொதலாளி தனபால் சாருக்குத் தெரியாத நம்பர்ல இருந்து இது வந்துச்சு. ‘விபத்துக்கு முன்னாடி பிரஸ் பக்கத்துல நின்னு ரெக்கார்டு பண்ணுனது’ன்னு கீழ எழுதியிருந்துச்சு. அன்னிக்கே என்னைய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. கம்பெனி போனையும் வாங்கிட்டாங்க. வர்ற திங்கக்கிழம இதைப் போலீஸ்ல குடுக்கறாங்களாம். நான் கெஞ்சிக் கேட்டதுக்கு, என் சொந்த போனுக்கு ஒரு காப்பி மட்டும் அனுப்பினாரு.”

“போலீஸுக்குப் போனா உங்களுக்கு…” என்று அஃப்ஷீன் ஆரம்பித்தாள்.

“அதக்கூடத் தாங்கிக்குவனுங்க,” என்றாள் கெசியா. “ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்புசாமியண்ணன் என்னையப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவரு சம்சாரம் நஞ்சம்மாக்கா வாசல்லயே நிக்க வெச்சு, ‘இன்னும் எதப் பாக்க வந்தே?’ன்னு கேட்டாங்க. ஏழு வருசமா ஒரே எடத்துல சோறு தின்னவங்க சார் நாங்க.”

பங்காரு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அப்புசாமிய நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க, அம்மணி?”

“அண்ணான்னுதானுங்க. ஒரு வார்த்த பேசினாலும் கடைசில ஒரு ‘ங்ணா’ வந்துரும்.”

“இந்த ஆறு செகண்டுல அது வரல,” என்றார் அவர். “சரி, நீங்க ஊட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடுங்க. நாங்க கூப்பிடறோம்.”

*

கெசியா படியிறங்கும் முன்பே அஃப்ஷீன் அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றிவிட்டாள். திரையில் குரல் மலைத்தொடர்போல எழுந்தது. அவள் குரலை ஒதுக்கிவிட்டு, பின்னால் கிடந்த இரைச்சலை மட்டும் எடுத்து, அதில் எந்தெந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் போட்டாள். தரையிலிருந்து எழும் கம்பங்கள்போல வரிசையாகக் கோடுகள் தெரிந்தன.

“முன்னூறு, நானூறு, ஐநூறு, அறுநூறு,” என்று படித்தாள். “சரியா நூறு நூறா நிக்குது. ஆனா நூறையே காணோம்.”

“போன் பேச்சுக்குன்னு செஞ்சது. அடில இருக்கற சத்தத்த வெட்டிடும். அதனால என்ன? எந்த ஆட்டம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருதோ, அது ஒத்தையா வராது. தன்னோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கிட்டு வரும். முன்ன போனவனைக் காணாட்டியும், பின்னாடி வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாத்தா அவன் யாருன்னு தெரிஞ்சுரும். இங்க இடைவெளி நூறு.”

“நூறுன்னா கரண்ட்தானே? நம்ம கரண்ட் செகண்டுக்கு ஐம்பது சுத்து. ஒரு சுத்துக்கு மின்மாற்றி, மோட்டார் எல்லாம் ரெண்டு தடவ அதிரும்.”

“அதேதான். இப்ப ரெண்டாவது வாக்கியத்துக்குப் போங்க.”

அஃப்ஷீன் நகர்த்தினாள். கோடுகள் இருந்தன. ஆனால் வேறு இடங்களில் நின்றன. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று, முன்னூற்று எண்பத்தெட்டு, நானூற்று எண்பத்தைந்து. அவள் விரலால் கணக்குப் போட்டாள். “இடைவெளி தொண்ணூத்தேழு! பாதியாக்கினா நாப்பத்தெட்டரை. கொஞ்சம் மெதுவா ஓடற கரண்ட். காதுக்கு இது தெரியவே தெரியாதே.”

“அடில பாத்தா வித்தியாசம் மூணுதான். பத்தாவது மடங்குக்குப் போங்க.”

முதல் வாக்கியத்தில் ஆயிரத்தில் நின்ற கோடு, இரண்டாவதில் தொள்ளாயிரத்து எழுபதில் நின்றது. பத்தாவது மடங்கில் மூன்று முப்பதாகிவிட்டது. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அந்த மூச்சுச் சத்தம் இருந்தது. அதன் முதல் பாதி ஆயிரத்திலும் மறுபாதி தொள்ளாயிரத்து எழுபதிலும் கிடந்தன.

“மூச்சுக்கு நடுவுல ஒட்டியிருக்காங்க!” என்று அஃப்ஷீன் துள்ளினாள். அடுத்த கணமே அவள் முகம் மாறிவிட்டது. மேசையிலிருந்த பழைய செய்தித்தாளை எடுத்துப் புரட்டினாள். “ஒரு நிமிஷம். போன வாரம் புதன்கிழம சிங்காநல்லூர்ல மாசாந்திர மின்தடை. காலைல ஒம்பதுல இருந்து சாயந்தரம் நாலு வரைக்கும். அப்ப விபத்து நடந்த நேரம் தொழிற்சாலை ஜெனரேட்டர்ல ஓடியிருக்கும். மெதுவான கரண்ட்னா ஜெனரேட்டர்தான். அப்படின்னா ‘மெஷின் ஓடட்டும்’ங்கறத அந்தம்மா அன்னிக்கே, அங்கயே சொல்லியிருக்காங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “சார், பாதி உண்மையா இருந்தாக்கூட அவங்க மாட்டிக்குவாங்களே.”

“இப்பவே முடிவு பண்ண வேண்டாம்,” என்றார் பங்காரு. “அந்த ஜெனரேட்டர் எப்படி ஓடுதுன்னு நாம இன்னும் பாக்கவே இல்லயே.”

*

தனபால் பங்காருவுக்குப் புதியவர் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய இன்னொரு பட்டறையின் இயந்திர அதிர்வை அளந்து கொடுப்பவர் பங்காருதான். வெள்ளிக்கிழமை காலையில் போனதும், “என்ன வேணுமோ பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு, “அந்தப் புள்ள இப்பிடிச் செஞ்சிருக்கும்னு எனக்கே நம்ப முடியலீங்க. ஆனா கொரல் அவுளுதாச்சே,” என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

பிரஸ் பிரிவுக்கு அழைத்துப் போனவர் உற்பத்தி மேலாளர் கிருபாசங்கர். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான பேச்சு. விபத்து நடந்த பிரஸ் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் மேல், ‘கார்டு இல்லாமல் பிரஸ்ஸை ஓட்டாதீர்கள்’ என்று சிவப்பில் எழுதிய பலகை. பக்கத்தில் புத்தம்புதிய பிரஸ் ஒன்று. அதைச் சுற்றி வந்த தடித்த பிளாஸ்டிக் உறை மடித்து மூலையில் போடப்பட்டிருந்தது.

பராமரிப்பு மெக்கானிக் மனோஜ்குமார் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்தான். கார்டு என்று அங்கே சொல்லும் அந்தக் கைத்தடுப்புகள் எல்லாம் அவன் பொறுப்பு. கெசியாமேல் பழி விழாவிட்டால் அடுத்து அவன்மேல்தான் விழும். அதனாலோ என்னவோ, அவன் யார் கண்ணையும் பார்த்துப் பேசவில்லை.

“கார்டு எறங்கி ஏற ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு செகண்டு ஆகுங்க. அத எடுத்துட்டா வேல வேகமாப் போகும். ஆனா நான் கழட்டல. செவ்வாக்கெழம சாயந்தரம் நான் ஊட்டுக்குப் போறப்ப கார்டு இருந்துச்சு,” என்றான்.

“இந்த மூலைல கிடக்கறதுக்கு இங்க என்ன பேரு?” என்று பங்காரு பிளாஸ்டிக் உறையைக் காட்டினார்.

“அது கவருங்க. ஜூன்ல புது மெஷினுக்கு வந்துச்சு.”

பங்காரு தலையசைத்தார். “ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்ட முடியுங்களா?”

மனோஜ்குமார் மெயினை இறக்கினான். கூடம் இருண்டது. அஃப்ஷீன் எண்ணினாள். பத்து எண்ணிய பிறகுதான் ஜெனரேட்டர் சுமையை ஏற்று விளக்குகள் வந்தன. அவள் போனை நீட்டிப் பதிவு செய்தாள். பங்காரு ஜெனரேட்டர் பலகையில் எண்ணைப் பார்த்தார். ஐம்பது. நான்கு பிரஸ்களை ஒன்றாக ஓட்டச் சொன்னார். அப்போதும் ஐம்பது.

“வேகத்தப் பாத்துக்கறது எலக்ட்ரானிக்குங்க,” என்றான் மனோஜ்குமார். “போன வருசம் மாத்துனது. லோடு ஏறுனாலும் எறங்குனாலும் அசையாது.”

கிளம்பும்போது பங்காரு, பழைய அளவுகளைப் பார்க்க வேண்டும் என்று இயந்திரப் பதிவேட்டைக் கேட்டார். கிருபாசங்கர் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். “பாருங்க. எண்ணெய் ஒழுகினது, பெல்ட் மாத்தினது, யாரு என்ன சொன்னாங்க, மணி எத்தனை, எல்லாம் என் கையால எழுதிடுவேன். எழுதாம இங்க ஒரு நட்டுகூட நகராதுங்க.”

“நல்ல பழக்கம்,” என்றார் பங்காரு. “கெசியாவோட கம்பெனி போனைப் பாக்கலாமா?”

“அதை அன்னிக்கே ரீசெட் பண்ணி அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டேங்க. வழக்கமாச் செய்யறதுதான்.”

வெளியே வந்ததும் அஃப்ஷீன் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தபடியே தன் பதிவைப் பார்த்தாள். முன்னூறு, நானூறு, ஐநூறு. “அது இந்த ஜெனரேட்டர் இல்லவே இல்ல,” என்று மூச்சு விட்டாள். “அப்ப தொண்ணூத்தேழு இந்தக் கட்டடத்துக்குள்ளயே பேசினது இல்ல. நான் நேத்து அவசரப்பட்டுட்டேன்.”

“நேத்து நீங்க சந்தேகப்பட்டதாலதான் இன்னிக்கு வந்து பாத்தோம். இது எங்கியோ சிறிசா ஒரு வாடகை ஜெனரேட்டரா இருக்கோணும், பாரம் தாங்காம மெதுவா ஓடறது. அந்த இரைச்சல்ல ஒரு கரகரப்பு இருக்கு, கவனிச்சீங்களா?”

அஃப்ஷீன் கண்ணை மூடிக் கேட்டாள். வானொலியில் நாள் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டியிருந்தாள். “ஸ்பீக்கர் பெட்டி! மைக்செட் ஆன் பண்ணி, யாரும் பேசாம இருக்கறப்ப வர்ற இரைச்சல் இது.”

பங்காரு அங்கேயே நின்று கெசியாவுக்குப் போன் செய்தார். “அம்மணி, இந்த ஒரு வருசத்துல, கரண்ட் இல்லாம, வாடகை ஜெனரேட்டர்ல மைக்செட் ஓடுன எடத்துல எங்காவது இருந்தீங்களா?”

மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. அஃப்ஷீனும் பொறுத்திருந்தாள்.

“வால்பாறைங்க,” என்றாள் கெசியா. “ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கெழம. எங்க சித்தி பையன் ஜோஸுக்குக் கல்யாணம். எஸ்டேட் கோயில் பக்கத்து மண்டபத்துல. மழைல மரம் உழுந்து கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் வெச்சுத்தான் நடந்துச்சு.”

“அங்கிருந்து யாருக்காவது வாய்ஸ் அனுப்பினீங்களா?”

இந்த முறை பதில் உடனே வந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. “கிருபாசங்கர் சாருக்கு. ஞாயித்துக்கெழம வேல நடந்துச்சு. மூணாம் நம்பர் மெஷின்ல எண்ணெ ஒழுகுது, நிறுத்தட்டுமான்னு கேட்டாரு. ‘மெஷின் ஓடட்டும், நான் வந்து பாத்துக்கறேன்’னு அனுப்பினேன். அவருக்கு மட்டுந்தானுங்க.”

*

ஜோஸ் கல்யாண வீடியோவைப் போனில் அனுப்பலாமா என்று கேட்டான். அனுப்பினால் சத்தம் சுருங்கிவிடும், படமெடுத்தவரிடம் இருக்கும் மூலக் கோப்பே வேண்டும் என்றாள் அஃப்ஷீன். சனிக்கிழமை அவன் வால்பாறையிலேயே இருந்த படமெடுத்தவர் வீட்டுக்குப் போய் ஹார்ட்டிஸ்க்கை வாங்கி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியேறி வந்தான். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னான். கெசியா அவனுக்கு முன்பே வந்து காத்திருந்தாள்.

“எங்கக்காவுக்கு இது உதவும்னா இன்னொருக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டுக்கூட வீடியோ எடுத்துக் குடுப்பேன்,” என்றான்.

“ஏற்கெனவே கட்டுன பொண்ணுகிட்டச் சொல்லீராத,” என்றாள் கெசியா. பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கேமரா போனைப்போல அடியை வெட்டுவதில்லை. கோடுகள் தொண்ணூற்றேழிலேயே தொடங்கின. தொண்ணூற்றேழு, நூற்றுத் தொண்ணூற்று நான்கு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று ஏறிக்கொண்டே போயின. அதோடு பங்காரு திருப்தியடையவில்லை. பத்தாவது மடங்கை மட்டும் பெரிதாக்கி, நேரத்தோடு ஓடவிட்டார். பதினொரு மணி ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் அந்தக் கோடு சட்டென்று தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுக்கு இறங்கி, ஒரு விநாடி தள்ளாடி, மீண்டும் எழுபதுக்கு ஏறியது. மேடையில் யாரோ பெரிய விளக்கைப் போட்ட நேரம் அது. ஜெனரேட்டர் திணறியிருந்தது.

அஃப்ஷீன் ஆறு விநாடிப் பதிவின் பின்பாதியை அதன்மேல் வைத்தாள். அதே இறக்கம், அதே தள்ளாட்டம், அதே ஏற்றம். ஒன்றன்மேல் ஒன்று கோடு தெரியாமல் படிந்தது.

“அக்கா, அங்க பாரு,” என்றான் ஜோஸ். படத்தின் ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், ஊதாச் சேலை கட்டிய கெசியா போனை வாயருகே பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தனபாலின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். கிருபாசங்கர், மனோஜ்குமார், கெசியா, ஜோஸ். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள் வீட்டுக்கு வந்திருந்த அப்புசாமியையும் பங்காரு வரச் சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி அவர் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நஞ்சம்மாள் பக்கத்தில் நின்றாள். இருவரும் கெசியா இருந்த பக்கம் திரும்பவில்லை.

பங்காரு பதிவை ஒரு முறை போட்டுக் காட்டினார்.

“முதல்ல ஒரு வார்த்தை. ‘கவரைக் கழட்டிப்போடுங்க’ன்னு இதுல வருது. மனோஜு, பிரஸ்ல கைக்குத் தடுப்பா இருக்கறத இங்க யாராவது கவர்னு சொல்லுவாங்களா?”

மனோஜ்குமார் நிமிர்ந்தான். “இல்லீங்க. கார்டுன்னுதான் சொல்லுவோம். பலகைலயே அப்பிடித்தான் இருக்குது. கவர்னா புது மெஷினச் சுத்தி…” அவன் பேச்சை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். பிரிவுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஜூன் மாதத்துக்குப் போய்த் தேடினான். ஒரு நிமிடத்தில் கெசியாவின் குரல் அறையில் ஒலித்தது: “புது மெஷின் வந்திருச்சுங்க. மேல இருக்கற கவரைக் கழட்டிப்போடுங்க.”

தனபால் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “மொதப் பாதி இதுதான்.”

“அதைக் குழுவுல இருக்கற பதினாலு பேரும் எடுத்திருக்கலாம்,” என்றார் பங்காரு. “அதனால ஆளைச் சொல்றது ரெண்டாவது பாதிதான்.”

அஃப்ஷீன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். இந்த முறை அவசரப்படாமல் விளக்கினாள். பேச்சுக்குப் பின்னால் மின்சாரத்தின் இரைச்சல் இருக்கிறது. அது தன் மடங்குகளோடு வரிசையாக நிற்கும். முதல் வாக்கியத்தில் அடி நூறு, இரண்டாவதில் தொண்ணூற்றேழு. “ஒரு மனுசி ஒரே மூச்சுல ரெண்டு கரண்ட்ல பேச முடியாதுங்க. இங்க கரண்ட் மாறணும்னா பத்து செகண்டு இருட்டாகும். அதோட, உங்க ஜெனரேட்டர் ஐம்பதுல இருந்து அசையாது. விபத்து நடந்த அன்னிக்கு இங்க ஓடினது அதுதான். தொண்ணூத்தேழு வேற ஊரு.”

பிறகு வால்பாறை வீடியோவைப் போட்டாள். ஓரத்தில் கெசியா தெரிந்தாள். கோடு இறங்கி ஏறியதையும், பதிவின் கோடு அதன்மேல் படிந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள்.

“இது ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழம, காலை பதினொன்னு ஐம்பத்திரண்டு,” என்றார் பங்காரு. “கெசியா இதை அனுப்பினது ஒரே ஒருத்தருக்கு.”

கிருபாசங்கர் நிதானமாகவே பேசினார். “எனக்குன்னு சொல்ல வர்றீங்க. அந்தம்மா சொல்றாங்க, நீங்க நம்பறீங்க. எனக்கு அப்படி ஒரு மெசேஜ் வந்த ஞாபகமே இல்லீங்க.”

“வேண்டாங்க. உங்க ஞாபகத்த நான் கேக்கல,” என்ற பங்காரு தனபால் பக்கம் திரும்பினார். “இயந்திரப் பதிவேட்டுல அந்தத் தேதிய எடுங்க.”

தனபாலே போய் எடுத்து வந்தார். பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: “‘மூன்றாம் எண் பிரஸ், எண்ணெய்க் கசிவு. கெசியாவிடம் கேட்டேன். ஓடட்டும், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்ஸ் அனுப்பினார். 11.55.’ கீழ உன் கையெழுத்து, கிருபா.”

கிருபாசங்கர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மத்தியானத்துக்குள்ள திரும்ப மாட்டிடலாம்னு நெனச்சேன் சார்,” என்றார் கடைசியில். “அந்த வெளிநாட்டு ஆர்டர் ஒரு வாரம் பின்னாடி கெடந்துச்சு. காலைல ஏழு மணிக்கு வந்து நானே கழட்டினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு… ரத்தத்தப் பாத்ததும் பயந்துட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. கெசியா பேர்ல போட்டா வேல போறதோட முடிஞ்சுரும்னு நெனச்சுச் செஞ்சுபோட்டேன்.”

தனபால் அவரைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அந்த வாரம் பூரா உன்னையப் பாக்கறப்பெல்லாம் ஆர்டர் எங்க, ஆர்டர் எங்கன்னு கத்துனது நான்,” என்றார். “நீ செஞ்சதுக்கு நீ பதில் சொல்லோணும். அதப் போலீஸ்ல சொல்லு. நான் கத்துனதுக்கு நானும் பதில் சொல்றேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போவோம்.” பிறகு எழுந்து, கெசியாவின் முன்னால் போய் நின்றார். “உன் வார்த்தையக் கேக்காம அந்த ஆறு செகண்டக் கேட்டுப்போட்டேன், அம்மணி. தப்பு என்னுது. இன்னிக்கே வந்து சேந்துக்க.”

கெசியா எழுந்து நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள். மனோஜ்குமார் முதல் முறையாக எல்லோரையும் நேராகப் பார்த்தான். ஜோஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

நஞ்சம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். நேராக வந்து கெசியாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பாவி, வாசல்ல நிக்க வெச்சனே உன்னைய,” என்று அழுதாள். “விடுங்கக்கா, விடுங்க,” என்று கெசியாவும் அழுதாள்.

வெளியே வராந்தாவில் பங்காருவும் அஃப்ஷீனும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்புசாமி மெதுவாக நடந்து வந்தார். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கப் போய், கட்டுப் போட்ட கை வலிக்கவே நிறுத்திக்கொண்டார். பங்காரு அவருடைய இடக்கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஆஸ்பத்திரில இருந்து நேத்துத்தான் வந்தீங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க.”

“இருக்கட்டுங்க,” என்றார் அப்புசாமி. “வெரலு போனது போனதுதானுங்க. அது பழகிக்கும்னு டாக்டரு சொல்றாரு. ஆனா பத்து நாளா ராத்திரி பகலா அந்தப் புள்ளைய வெறுத்துக்கிட்டே படுத்துக் கெடந்தேன். வெட்டுப்பட்ட வலியவிட அது பெரிய வலிங்க. நல்ல மனுசிய வெறுக்கறோம்னு உள்ளுக்குள்ள எங்கியோ தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பாரத்த நீங்க ரெண்டு பேரும் எறக்கி வெச்சிட்டீங்க. நீங்க நல்லா இருக்கோணும்.”

பங்காரு அந்தக் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அஃப்ஷீன் அந்த மௌனத்தை அப்படியே விட்டாள்.

உள்ளேயிருந்து கெசியா ஓடி வந்தாள். “அண்ணா, வெயில்ல நிக்காதீங்ணா, உள்ள வாங்ணா,” என்று அவருடைய தோளைப் பிடித்தாள். அப்புசாமி அவள்மேல் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைக்காமலேயே, “வாரேன் கண்ணு,” என்றார்.